இருபத்துமூன்றாவது ரின்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர் கையில் ஒரு மோல்ற் மா ரின், தகரத்தில் அடைத்த சத்துமா, இருந்தாக வேண்டும். வெறுங்கையோடு போனவரின் பெயரை அந்தக் குடும்பம் இலேசில் மறக்காது. தங்கள் வீட்டுக்கு வாங்கும் பால்மாவின் திகதியைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசிக்கிறவர்கள்கூட, நோயாளிக்கு வாங்கும் ரின்னில் விலையை மட்டும் பார்ப்பார்கள். குடிக்கப் போவது அவர்கள் இல்லையே.

லயனலுக்கு ஹேர்ணியா ஒப்பரேசன் நடந்தபோது ஏழு ரின்கள் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்ப, மானிப்பாய் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவருடைய மனைவி வினிபிரட் அதில் ஒன்றை உடைத்து ஒரு கோப்பை கரைத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் மனிதர் ஒன்பது தரம் வாந்தி எடுத்தார். எடுத்த எடுப்பில் வயிற்றுத் தையல் இரண்டு விட்டுப்போனது. வினிபிரட் இருபத்தைந்து வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைக்கிறவள். தையல் விட்டுப்போவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் புருஷனின் வயிற்றில் விட்டுப்போனதை அவளால் தைக்க முடியாது. அதே வார்ட், அதே கட்டில், இன்னும் ஐந்து நாள்.

ரின்னில் 'விரைவில் நலம் பெறுக' என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அடியில் முடிவுத் திகதி இருந்தது. முடிந்து பதினொரு மாதம். மற்ற ஆறு ரின்களையும் பார்த்தாள். அவற்றில் ஸ்டிக்கரும் இல்லை, பிழையும் இல்லை.

மஞ்சள் ஸ்டிக்கர் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே உள்ள 'புதுவரவு' சுப்பர்மார்க்கட்டின் கைவேலை. போய்ப் பார்த்தால், நுழைந்தவுடனே கண்ணில் படும் தட்டில் இன்னும் இருபத்துமூன்று ரின்கள், இருபத்துமூன்று நல்வாழ்த்துகளோடு அடுக்கியிருந்தன.

"பிள்ளை, உந்த ரின்னெல்லாம் திகதி முடிஞ்சு போச்சு. எடுத்து அங்காலை வையுங்கோ" என்றாள் காசாளர் பெண் தர்சிகாவிடம்.

"தெரியும் அன்ரி. முதலாளி எடுக்கச் சொல்லேல்லை."

"ஸ்டிக்கர் ஆர் ஒட்டினது?"

"நான்தான். திகதிக்கு மேலை ஒட்டச் சொன்னவர். வடிவா ஒட்டியிருக்கிறன் எண்டும் சொன்னவர்." பெண் குனிந்துகொண்டாள். "நான் என்ன செய்யிறது அன்ரி? நீங்கள் எங்கையாவது சொல்லுங்கோ. மேலிடத்திலை சொன்னால் எடுப்பினம்."

மேலிடம் யாழ்ப்பாண நகரத்தில் இருந்தது, மூன்றாம் மாடியில். சாமான் வாங்கிப் பாவிக்கிறவர்களைக் காப்பதற்கென்று வைத்த பாவனையாளர் பராமரிப்புப் பணியகம். மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் பாவனையாளரின் ஒவ்வொரு உரிமை எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறி முடிக்கும்போது ஆறு உரிமைகளும் முடிந்திருந்தன, மூச்சும் முடிந்திருந்தது. வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று, பூட்டோடு. அந்தப் பூட்டின் திறப்பு கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகச் சின்னதாக ஒரு குறிப்பும் ஒட்டியிருந்தது.

அபிவிருத்தி உத்தியோகத்தர் கோபிகா நல்ல பிள்ளை. கதிரை தந்தாள், படிவமும் தந்தாள். படிவம் பதினொரு பக்கம். 'வேண்டும் நிவாரணம்' என்ற இடத்தில் வினிபிரட் ஒரே வரி எழுதினாள்: 'அந்த இருபத்துமூன்று ரின்களையும் தட்டில் இருந்து எடுக்க வேண்டும்.'

"நட்டஈடு ஒண்டும் கேக்கேல்லையோ அன்ரி?"

"வேண்டாம் பிள்ளை. இன்னொரு ஆளின்ரை தையல் விடக் கூடாது. அவ்வளவுதான்."

கோபிகா அவளை உதவிப் பணிப்பாளர் சீவரத்தினத்திடம் கூட்டிப் போனாள். அவருடைய மேசையில் இரண்டு பூச்சாடி, ஒரு தேசியக் கொடி, சிறந்த சேவைக்கான நான்கு கேடயங்கள். நான்கையும் பணியகமே பணியகத்துக்குக் கொடுத்திருந்தது. படிவத்தை வாசித்து முடித்து, திறந்த ரின்னை ஒரு விரலால் தள்ளினார்.

"அம்மா, இது திறந்த ரின்."

"திறந்துதானே சேர் குடிச்சவர்."

"அதுதான் பிரச்சினை. திறந்த ரின்னுக்குள்ளை ஆரும் எதையும் போடலாம். நாங்கள் விஞ்ஞானபூர்வமாச் செயற்படுற நிறுவனம். திறக்காத ஒண்டு கொண்டு வாங்கோ. பில்லோடை."

அது நியாயம் என்றே வினிபிரட்டுக்குப் பட்டது. நேரே 'புதுவரவு'க்குப் போய் ஒரு ரின் வாங்கினாள். தர்சிகா பில்லை அடித்துக் கொடுத்தாள். தட்டில் இருபத்திரண்டு.

மறுநாள் சீவரத்தினம் பில்லையும் ரின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கேக்கை திகதி முடிஞ்சது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் சேர். நீங்கள் கொண்டு வரச் சொன்னியள் எண்டுதானே வாங்கினனான்."

"அப்ப நீங்கள் ஏமாறேல்லை." அவர் கதிரையில் சாய்ந்தார். "தெரிஞ்சு வாங்கினது உங்கடை சுதந்திரத் தெரிவு. தெரிவு செய்யும் உரிமை, இரண்டாம் மாடித் திருப்பத்திலை எழுதியிருக்கு. அந்த உரிமையை நாங்களே மீறலாமோ?"

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"தெரியாமல் வாங்கின ஒரு ஆளின்ரை பில் வேணும்."

தெரியாமல் வாங்கி அந்த முதல் ரின்னைக் கொண்டுவந்தவர் ஏரம்பு அண்ணை. லயனலோடு ஒரே அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதராக இருந்தவர். வினிபிரட் கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் நிற்கிறவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், நீங்கள் அன்பாகக் கொண்டுவந்த ரின்னின் பில்லைத் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதரிடம் அவருடைய சாதகத்தைக் கேட்கலாம், காணி உறுதியைக்கூடக் கேட்கலாம். கொடுத்த சாமானின் பில்லைக் கேட்கக் கூடாது. வினிபிரட் இரண்டு நாள் யோசித்தாள். அதற்கிடையில் 'புதுவரவு'ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பதினெட்டு. நாலு நோயாளிகளுக்கு யாரோ நல்வாழ்த்துக் கொண்டு போயிருக்கிறார்கள். அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரம்பு வீட்டுக்குப் போனாள்.

ஏரம்பு முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் குடுத்ததைக் குடிச்சுத்தான் அவனுக்கு வருத்தம் எண்டு சொல்ல வந்தியோ?"

"ஐயோ அண்ணை, நான் கடைக்காரனைச் சொல்லுறன்."

"கழிவு விலையிலை மலிவா வாங்கினது எண்டு இப்ப உனக்கும் தெரியப் போகுது. தெரியட்டும்." சட்டைப் பையில் இருந்த பேர்சைத் திறந்து, நாலாக மடித்த பில்லைக் கொடுத்தார். அவரும் லிகிதர்தானே, ஒரு கடதாசியையும் எறிகிறவர் இல்லை. பில்லைக் கொடுத்தாரே தவிர, தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அது முதல் தடவை. வரும் வழியில் வினிபிரட்டுக்கு அழுகை வந்தது.

பில்லைப் பார்த்ததும் சீவரத்தினத்தின் முகம் மலர்ந்தது.

"இதுதான் சரியான ஆவணம். ஆனால் அம்மா, காசு குடுத்தது ஏரம்பு. சட்டப்படி அவர்தான் பாவனையாளர். உங்கடை மனுசனுக்கு அது அன்பளிப்பு. அன்பளிப்பு வாங்கினவருக்கு எங்கடை சட்டத்திலை இடம் இல்லை. ஏரம்பு வந்து முறைப்பாடு தரட்டும்."

லயனலுக்காக ஏரம்பு வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, மூன்று மாடியும் ஏறி, ஆறு உரிமைகளிலும் ஒவ்வொரு தரம் நின்று களைப்பாறி வந்தார். கோபிகா வாக்குமூலம் எழுதினாள். சீவரத்தினம் கேள்வி கேட்டார்.

"ரின்னை நீங்கள்தானே வாங்கினது?"

"ஓம்."

"அதிலை நீங்கள் குடிச்சியளோ?"

"இல்லை. நான் ஏன் குடிக்கிறன்? லயனலுக்கு வாங்கினது."

"உங்களுக்கு வாந்தி, பேதி, தையல் விடுதல் ஏதும்?"

"எனக்குத் தையலே இல்லைத் தம்பி."

சீவரத்தினம் பேனாவை மூடினார். "பாருங்கோ. பாவனையாளருக்குப் பாதிப்பு இல்லை. பாதிக்கப்பட்டவர் பாவனையாளர் இல்லை. சட்டம் எவ்வளவு தெளிவா இருக்கு எண்டு நான் அடிக்கடி வியக்கிறனான்."

ஏரம்பு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "இந்தக் கந்தோரிலை எனக்கு ஒரு வேலை கிடைச்சிருந்தால் முப்பது வருசமும் சும்மா இருந்திருக்கலாம்" என்று வினிபிரட்டிடம் சொன்னார். சீவரத்தினம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது ஏரம்பு அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பணியகத்தால் விளைந்த நன்மை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

வினிபிரட் விடவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று போய் அந்த விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தைக்கக் கொடுத்த சீருடைகளுக்குப் பொத்தான் கட்டுகிற வேலையையும் அங்கேயே கொண்டுவந்து செய்தாள். ஒரு வாரம் ஆனது. வந்து போகிறவர்களெல்லாம் அவளைப் பணியகத்தின் ஆள் என்று நினைத்து வழி கேட்கத் தொடங்கியதும் சீவரத்தினம் இறங்கி வந்தார்.

"சரி அம்மா. விசேட அனுமதி எடுத்து, அந்தக் கடையிலை ஒரு திடீர்ப் பரிசோதனை செய்யிறம்."

"எப்ப சேர்?"

"பதினைஞ்சாம் நாள். கடைக்காரருக்குப் பதினாலு நாள் எழுத்து மூலம் அறிவித்தல் குடுக்க வேணும்."

"அறிவித்தல் குடுத்தால் அது எப்பிடிச் சேர் திடீர்?"

"நேரத்தைச் சொல்ல மாட்டம்" என்றார் சீவரத்தினம்.

அறிவித்தல் போன மறுநாளே 'புதுவரவு' வாசலில் பனர் தொங்கியது. 'நோயாளரைப் பார்க்கச் செல்கிறீர்களா? மோல்ற் மா ரின்களுக்கு அரைவாசி விலை. பதினான்கு நாட்களுக்கு மட்டும்.' பணியகத்தின் காலக்கெடுவை ஊரில் அவ்வளவு மதித்தவர் அந்த முதலாளி ஒருவர்தான். வினிபிரட் ஒவ்வொரு நாளும் போய் எண்ணினாள். பதினொன்று. ஏழு. வாங்க வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். "எனக்கில்லை அன்ரி, பார்க்கப் போற இடத்துக்கு" என்றார்கள், அதில் ஆறுதல் சொல்வதற்கு ஏதோ இருக்கிற மாதிரி. பன்னிரண்டாம் நாள் தட்டில் ஒன்றும் இல்லை. தட்டைத் துடைத்து ஒரு பிளாஸ்ரிக் பூவைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் பணியகம் இரண்டு வாகனத்தில் வந்தது. நாதஸ்வரம் ஒன்றுதான் குறை. பரிசோதித்தார்கள், படம் எடுத்தார்கள், 'பாவனையாளர் நேயக் கடை' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை முதலாளியிடம் கொடுத்தார்கள். சான்றிதழில் பெயர் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. சீவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இன்றைய திடீர்ப் பரிசோதனையில் காலாவதியான பொருள் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இதைவிட எமது பணியகத்துக்கு வேறென்ன வெற்றி வேண்டும்? முறைப்பாடு கிடைத்த மறுநாளே ஆத்திரப்பட்டு ஓடி வந்திருந்தால் இருபத்திரண்டு ரின்கள் அகப்பட்டிருக்கும். மாவட்டத்தின் பெயர் என்னாவது? பொறுமையாக, சட்டப்படி, படிப்படியாகச் செயற்பட்டதால் அத்தனை பொருட்களும் மக்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டன."

கை தட்டினார்கள். கோபிகா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வினிபிரட் கடைசி வரிசையில் இருந்து, அந்த இருபத்திரண்டும் இப்போது எந்தெந்தக் கட்டிலடியில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பதில் தேடி அவள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் சீவரத்தினத்துக்கு டெங்கு என்று சேதி வந்தது. கடித்த நுளம்பு பணியகத்துப் பூச்சாடித் தண்ணீரில் வளர்ந்ததாகக் கதை. என்ன கோபம் இருந்தாலும் முகம் பழகிய மனிதர் படுத்திருக்கும்போது போய்ப் பார்க்காமல் விடுவது முறையில்லை. வினிபிரட் தோடம்பழம் நாலு வாங்கிக்கொண்டு பார்வை நேரத்துக்குப் போனாள்.

கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல், அலுமாரிக்கு உள்ளே, கட்டிலுக்குக் கீழே எல்லாம் ரின். மாவட்டத்து வியாபாரிகள் எல்லோரும் வந்து போயிருந்தார்கள். பணியகத்து உத்தியோகத்தர்களும் வந்திருந்தார்கள். அரைவாசி விலைக்குக் கிடைத்தபோது வாங்கி வைக்காமல் யார் விடுவார்கள்? வேறு நோயாளிகளுக்குப் போனவையும் கைமாறி இங்கே சேர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் சிரித்தது. பழக்க தோசத்தில் எண்ணினாள். பத்தொன்பது. மனைவி ஜெயகௌரி ஒரு ரின்னைத் திறப்பதற்குக் கரண்டியை மூடியின் கீழ் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குடிக்கட்டும் என்று வினிபிரட்டுக்கு ஒரு கணம் தோன்றியது. உண்மையைச் சொன்னால் ஒரு கணத்துக்குக் கொஞ்சம் கூட. லயனல் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தது கண்ணுக்குள் வந்தது. பிறகு தன்னை நினைத்தே வெட்கமாகிப் போனது.

"அக்கா, உதைத் திறவாதேங்கோ" என்றாள். "திகதி முடிஞ்ச சாமான்."

ஸ்டிக்கரைச் சுரண்டிக் காட்டினாள். சீவரத்தினம் கண்ணாடி கேட்டு வாங்கி வாசித்தார். முகத்தில் டெங்குக்கு அப்பாலும் ஒரு வெளுப்பு வந்தது.

"எல்லாமோ?" என்றார்.

"எல்லாம் சேர். ஆனால் நீங்கள் பாவனையாளர் இல்லை. இது அன்பளிப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயா, ஒண்டையும் வீட்டை கொண்டு போகாதையும். பிள்ளையள் குடிச்சுப் போடுங்கள்" என்றார் மனைவியிடம்.

"இவ்வளவையும் எறியிறதோ? பாவம் அல்லோ. அங்காலை வார்ட்டிலை ஏழையள் கனபேர் கிடக்கினம்" என்றாள் ஜெயகௌரி.

சீவரத்தினம் கண்ணை மூடி யோசித்தார். "கருணை அடிப்படையிலை குடுக்கலாம். சட்டத்திலை தடை இல்லை."

வினிபிரட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். வயது வந்ததிலிருந்து அன்றைக்கு வரை தெரிந்து ஒரு பொய் சொன்னதில்லை. "என்னட்டைத் தாங்கோ சேர். நானே கொண்டுபோய்ப் பங்கிட்டுக் குடுக்கிறன்" என்றாள்.

பத்தொன்பதையும் இரண்டு உரப்பையில் போட்டாள். பிறகு வார்ட் வார்ட்டாகக் கட்டிலடிகளைப் பார்த்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒன்று அகப்பட்டது, மறுநாள் இன்னொன்று. கொடுத்தவர்கள் கோபிப்பார்கள் என்று நோயாளிகள் தர மறுத்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த ஆறு நல்ல ரின்களில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொண்டாள். அவள் பில்லோடு வாங்கி, பணியகம் திருப்பித் தந்த ஒன்றோடு இருபத்திரண்டு. மிச்சம் ஒன்றைக் காணவில்லை. இருப்பதை வளவு மண்ணில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடலாம் என்றால், தையல் போட்ட லயனலால் மண்வெட்டி பிடிக்க ஏலாது. சனிக்கிழமை ஆள் வரும் என்று பைகளைத் தையல் மிசினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பணியகம் வந்தது. காய்ச்சல் மாறிய சீவரத்தினம் முன்னால், படம் பிடிக்கிறவர் பக்கத்தில், தலையைக் குனிந்தபடி கோபிகா பின்னால்.

"காலாவதியான பொருட்களைப் பதுக்கி வைத்திருப்பதா எங்களுக்கு நம்பகமான தகவல் கிடைச்சிருக்கு" என்றார்.

"சேர், நீங்கள்தானே தந்தது."

"தகவல் தந்தவரின்ரை பெயரை நாங்கள் வெளியிட மாட்டம்."

"அறிவித்தல் ஒண்டும் வரேல்லையே. பதினாலு நாள்?"

"அது வர்த்தகருக்கு. நீங்கள் வர்த்தகர் இல்லை."

"வர்த்தகர் இல்லையெண்டால் என்னிலை என்ன வழக்கு?"

"பன்னிரண்டுக்கு மேலை வச்சிருந்தால் வர்த்தகர்."

"அப்ப நான் வர்த்தகரோ இல்லையோ சேர்?"

சீவரத்தினம் நிதானமாக யோசித்தார். "அறிவித்தலுக்கு இல்லை. வழக்குக்கு ஓம்."

ஒரு ரின்னுக்கு அவளிடம் பில்லும் இருந்தது. தெரிந்தே வாங்கியதற்கு அது உறுதியான சான்று என்றார்; இந்தத் தடவை பில் செல்லுபடியானது. ரின்களை வரிசையாக அடுக்கி அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பணியகத்தின் வரலாற்றில் இதுவே முதலாவது கைப்பற்றல் என்று சீவரத்தினம் படம் பிடிக்கிறவருக்கு விளக்கினார். கோபிகா பட்டியலை எழுதினாள். எழுத்து கோணல் மாணலாகப் போனது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அன்ரி" என்றாள் வாய்க்குள்.

"நீ அழாதை பிள்ளை. எண்ணிப் பார்." வினிபிரட் பட்டியலை வாங்கி வாசித்தாள். "சேர், இதிலை இருபத்திரண்டுதான். கடையிலை இருந்தது இருபத்துமூண்டு. இன்னும் ஒண்டு எங்கையோ நிக்குது."

"வழக்குக்கு இருபத்திரண்டு காணும் அம்மா. திங்கக்கிழமை நீதிமன்றத்துக்கு வரவேணும். இஞ்சை ஒரு கையெழுத்து வையுங்கோ."

கையெழுத்து வைத்தாள். வாகனங்கள் ஒழுங்கையால் திரும்பிப் போயின. தட்டில் இருந்து எடுக்க வேண்டும் என்று அவள் படிவத்தில் எழுதியதை, ஒன்றரை மாதம் கழித்து, அவளுடைய வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வினிபிரட் தையல் மிசினை மூடிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நீதிமன்றம் திங்கக்கிழமையல்லோ? இப்ப எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று லயனல் கட்டிலில் இருந்தபடி கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு. பார்வை நேரம் பன்னிரண்டுக்குத் துடங்கிடும்."

"ஆரைப் பார்க்க?"

"தெரியாது. அந்த ரின் எந்தக் கட்டிலடியிலை நிக்குதோ, அந்த ஆளை."

வெறுங்கையோடு போக முடியாது. மிச்சமிருந்த நாலு நல்ல ரின்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுத் திகதியை இரண்டு தரம் வாசித்தாள். இன்னும் ஒரு வருடமும் நாலு மாதமும் இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினாள்.